நம்பர் போடாத ரத்தம்

வீட்டு ஆட்களின் ரத்தத்துக்கு எங்கள் லேபில் நம்பர் போடும் வழக்கம் இல்லை. லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு டாக்டர், டாக்டர் அறையை ஒட்டிப் பத்துக்குப் பன்னிரண்டில் என் அறை. அவர் சீட்டு எழுதி அனுப்புவார். நான் ரத்தம் எடுத்துச் சோதித்து ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பேன். வருகிறவருக்கு வரிசைப்படி ஒரு நம்பர். அந்த நம்பர் நோட்டில் ஏறும், குழாயில் ஒட்டும், ரிப்போர்ட்டோடு டாக்டர் மேசைக்குப் போகும். நம்பர் ஏறிவிட்டால் அந்த ரத்தத்தை நானே நினைத்தாலும் மறைக்க முடியாது. ஆனால் நாத்தனார், கொழுந்தன் என்று நம்ம ஆட்கள் வந்தால் கூட்டம் ஓய்ந்த பிறகு எடுத்துப் பார்த்து, வாயால் சொல்லி அனுப்பிவிடுவேன். "சுகர் கூட இருக்கு, வாயக் கட்டுங்க." அதோடு முடிந்தது. இதை நான் ஒரு சலுகையாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். அறுபத்து மூன்று வயதிலும் சாரத்தில் ஏறுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண மண்டபமானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, போன இடத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் சுவரைப் பார்ப்பார். "அரை இஞ்ச் வெளிய தள்ளிருக்கு" என்பார். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் அரை இஞ்ச் தள்ளித்தான் இருக்கும். நூலில் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அதுதான் தூக்குக்குண்டு. எங்கள் அண்ணன் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுத் தூணைப் பார்த்து இப்படி ஆரம்பித்தார். நான் தொடையில் கிள்ளி அடக்கினேன். மனிதருக்கு அந்தக் கண்மேல் அவ்வளவு பெருமை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் லேபில் இருக்கும் கடப்பாக்கல் மேசையும் அவர் கட்டியதுதான். கட்டி முடித்து, ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவில் வந்து நின்றதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்து, எங்கிட்டும் ஓடாது" என்றார். "சரி சரி, கையக் கழுவிட்டு வாங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அப்படி. பாராட்ட வேண்டிய இடத்தில்கூட வெட்டித்தான் பேச வரும்.

போன மாசியில் அவருக்குத் தலைவலி வந்தது. வலது நெற்றிப் பொட்டில். தலையில் துண்டு கட்டினால் வலிக்கிறது என்று கட்டுவதை விட்டார். சீப்பு பட்டால் ஸ்ஸ் என்பார். ஞாயிற்றுக்கிழமை கறி மெல்லும்போது பாதியில் நிறுத்தித் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப மெல்லுவார். தலைவலிக்கு வெயில் என்றேன். தாடைக்குக் கடைவாய்ப் பல் என்றேன். சட்டை தொளதொளத்ததற்கு, வயசானால் இளைக்கத்தானே செய்யும் என்றேன். மூன்றையும் மூன்று இடத்தில் பிரித்து வைத்தேனே தவிர, ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தலைவலி மூன்றாவது வாரமும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, "லேபுக்கு வாங்க, எதுக்கும் பாத்துருவோம்" என்று வரச் சொன்னேன். காலைக் கூட்டம் முடிந்து பதினோரு மணிக்கு மேல் அவருக்கு எடுத்தேன். சுகர், உப்பு, ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர். வழக்கம்போல நம்பர் இல்லை.

ஈ.எஸ்.ஆர். ரொம்பப் பழைய சோதனை. நீளமான, ஒல்லியான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சிவப்பு கீழே இறங்கும், மேலே மஞ்சள் தண்ணீர் தெளியும். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் கணக்கு. உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் சிவப்பு விறுவிறுவென்று இறங்கிவிடும். எங்கே, என்ன என்றெல்லாம் அது சொல்லாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லும். குழாய் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் கூடக் காட்டும். ஆனால் அந்தச் சாய்மானத்தால் கூடுவதற்கும் ஓர் அளவு உண்டு.

ஒரு மணி நேரம் கழித்து மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இங்கிட்டு வந்து பாரு. என் ரத்தம் பாதிக்கு மேல எறங்கிருச்சு."

போய்ப் பார்த்தேன். நூற்றுப் பத்து.

நூறுக்கு மேல் போன ரிப்போர்ட்டுகளை நான் கை நிறைய அடித்திருக்கிறேன். அதில் பல பேர் அடுத்த வருடம் திரும்பி வரவில்லை. புற்று, டி.பி., வேறு ஏதேதோ. எண்ணைப் பார்த்த மறு நொடியே வாய் முந்திக்கொண்டது.

"ஸ்டாண்டு கோணலா நிக்குது. காலைல தொடைக்க வந்த அம்மா இடிச்சிருக்கும். அதான் இப்படி."

அவர் குனிந்தார். இடது கண்ணை மூடினார். ஸ்டாண்டை ஒரு பார்வை, பக்கவாட்டில் போய் நின்று இன்னொரு பார்வை.

"கோணலா? நேராத்தானே நிக்குது."

"ஒங்க கொத்து வேலைய இங்க காட்டாதீங்க. இது செவுரு இல்ல. இதுல ஒரு இழை சாஞ்சாலும் ரீடிங் எகிறும். ஒங்க கண்ணுக்கெல்லாம் அது தெரியாது."

"எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். கோபம் இல்லை. கேலியாகத்தான் சிரித்தார். "சரிம்மா, நீ படிச்சவ."

குழாயை எடுத்து பிளீச்சிங் தண்ணீரில் கொட்டினேன். திங்கட்கிழமை திரும்ப எடுக்கலாம் என்றேன். நம்பர் இல்லாத ரத்தம். நோட்டில் இல்லை, பக்கத்து அறை டாக்டருக்குத் தெரியாது. கொட்டிக் கையைக் கழுவியதும் அப்படி ஒரு சோதனை நடந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை. அவர் கீரமங்கலத்தில் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். சாயங்காலம் வந்து, "சாரத்துல நிக்கும்போது கொஞ்ச நேரம் வலது கண்ணு இருட்டிருச்சும்மா. திரைய எறக்குன மாதிரி. அப்புறம் சரியாப் போச்சு" என்றார். "புரை விழுந்திருக்கும். வயசு என்ன கொஞ்சமா? முகாம் போடும்போது கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எங்கள் பக்கம் அறுபதைத் தாண்டியவர் கண்ணைப் பற்றி எது சொன்னாலும் புரை என்றுதான் பதில். படிக்காதவர்கள் சொன்னால் பரவாயில்லை. நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டில் புது நிலைக்கதவு வைத்தார்கள். அவரைச் சும்மா கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் வழக்கம்போல இடது கண்ணை மூடினார். மூடியவர் அப்படியே நின்றார். திறந்தார், திரும்ப மூடினார். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க?"

"இந்தக் கண்ண மூடுனா எல்லாமே போயிருதும்மா" என்றார். வலது கண் போயிருந்தது. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் அது போனதுகூட இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அவருக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிறு, டாக்டர் இல்லை. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. திங்கட்கிழமை விடிந்ததும் புதுக்கோட்டை போய், அங்கிருந்து பஸ் மாறித் திருச்சியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஒரு டாக்டரம்மா. என் மகன் வயதுதான் இருக்கும். கண்ணில் லைட் அடித்துப் பார்த்தவர், கண்ணை விட்டுவிட்டு வேறு என்னென்னவோ கேட்க ஆரம்பித்தார்.

"அய்யாவுக்குத் தலைவலி இருக்கா? தலை சீவுனா வலிக்குதா? மெல்லும்போது தாடை வலிக்குதா?"

அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமா, ஆமா என்றார். நான் மூன்று இடத்தில் பிரித்து வைத்ததை அந்தப் பெண் ஒரு நிமிடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள்.

"சமீபத்துல ஈ.எஸ்.ஆர். எடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

ஆமாம், இல்லை என்றுதான் சொன்னேன். வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் இவர் பக்கத்தில் இருந்தாரே. "எடுத்தோம் டாக்டர். எங்க வீட்ல லேபுதான் வச்சிருக்காங்க. ஸ்டாண்டு கோணலாப் போச்சு, அதனால அது கணக்குல இல்லன்னாங்க" என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். டாக்டரம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சீட்டில் சோதனையை எழுதினார்.

அங்கே எடுத்தார்கள். ஈ.எஸ்.ஆர். நூற்றுப் பன்னிரண்டு. சி.ஆர்.பி. என்று அழற்சிக்கு இன்னொரு சோதனை உண்டு, அதுவும் எக்கச்சக்கம். நெற்றிப் பொட்டு ரத்தக்குழாய்களில் வரும் வீக்கம் என்றார் டாக்டரம்மா. வயதானவர்களுக்குத்தான் வருமாம். நம் பக்கம் அபூர்வமாம். குழாய் வீங்கி அடைத்தால் கண் நரம்புக்கு ரத்தம் போகாது, நரம்பு செத்துவிடும், செத்த நரம்பு திரும்பாது. இடது கண்ணையாவது காப்பாற்றப் பார்ப்போம் என்று அன்றைக்கே ஸ்டீராய்டு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே இடது கண்ணும் போனது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் நிழல் மட்டும் ஆடும் என்றார். அவர் கத்தவில்லை, அழவில்லை. என் முகம் இருக்கும் பக்கம் திரும்பி, "நீ இங்கிட்டுத்தான இருக்க?" என்று கேட்டார்.

நடையில் டாக்டரம்மாவைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமையே மருந்து ஆரம்பித்திருந்தால் என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா அப்ப ரெண்டு கண்ணும் இருந்துச்சுல்ல" என்றார்.

துபாயிலிருந்து மகன் போனில், "ஏம்மா, நீ லேப்லதானம்மா இருக்க, ஒனக்கு ஒண்ணுமே தெரியலயா?" என்று அழுதான். "தெரியலப்பா" என்றேன். அதுவும் பொய்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து லேபைத் திறந்தேன். முதல் வேலையாக அந்த வெள்ளிக்கிழமை நோட்டைப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்றால், ஸ்டாண்டு கோணல் என்று நான் சொன்னது பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியவில்லை. மெய்யாக இருந்துவிடாதா என்று ஓர் ஆசை. அன்று மதியத்துக்கு மேல் மூன்று பேருக்கு ஈ.எஸ்.ஆர். பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு, எட்டு, இருபது. அதே ஸ்டாண்டு. அவர் குழாயைக் கொட்டிய பிறகு ஸ்டாண்டை நான் தொடவே இல்லை, நேராக்க அடியில் இருக்கும் திருகைத் திருப்பவே இல்லை. மூன்று குழாயை அதில் நிறுத்தி, ரீடிங் எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கோணல் என்று மனதார நம்பியிருந்தால் சரிசெய்யாமல் ஊரார் ரத்தத்தை அதில் வைத்திருப்பேனா? நம்பவில்லை. பயந்தேன். பயத்தை ஸ்டாண்டு மேல் போட்டேன். நோட்டை மூடிவிட்டுச் சட்டரை இறக்கி, உள்ளே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் பாதி போய்விட்டது.

மாத்திரை தொடர்ந்தது. முகம் ஊதிப் போனது, கை நடுங்கியது. வாராவாரம் ஈ.எஸ்.ஆர். பார்த்துத் திருச்சிக்குப் போனில் சொல்ல வேண்டும். வீட்டிலேயே ரத்தம் எடுத்து லேபுக்குக் கொண்டுபோவேன். அப்போதும் நம்பர் போடவில்லை, பாருங்கள், பழக்கம் அவ்வளவு லேசில் போவதில்லை. எண்பது, ஐம்பது, முப்பது, பதினெட்டு என்று ரத்தம் நல்ல பிள்ளையாக இறங்கி வந்தது. ஒவ்வொரு வாரமும் வந்து எண்ணைச் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் அவர் ஒரே கேள்வி கேட்பார்.

"ஸ்டாண்டு இப்ப நேரா இருக்கா?"

"இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பாட்டில் கையை வைத்தவர் எடுக்காமலே சொன்னார். "எனக்கு இப்பத்தான் பிடிபடுதும்மா. சனிக்கிழமை இல்ல, ஞாயித்துக்கிழமை இல்ல, என் கண்ணு அதுக்கு முன்னாடியே போயிருச்சு. லேபுல கோணலா நின்ன ஸ்டாண்டு எனக்கு நேராத் தெரிஞ்சிச்சே. நீ அப்பவே சொன்ன, ஒங்க கண்ணுக்குத் தெரியாதுன்னு."

"அதெல்லாம் இல்லங்க, சாப்பிடுங்க."

"இல்லம்மா. எத்தன மாசமா அப்படி இருந்துச்சோ. அப்ப நான் கட்டுன செவுரெல்லாம் என்ன ஆகுறது?"

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கடைசி வருடத்தில் கட்டிய சுவர்களை விரல் விட்டு எண்ணுவார். எதிர்வீட்டுக் கழிவறை, கோயில் மதில், கீரமங்கலத்து வீடு. கீரமங்கலத்து வீடு மாடி வைத்த வீடு. அதன் கிழக்குச் சுவர் முழுக்க அவர் கை. "புள்ளகுட்டி இருக்குற வீடும்மா. சரிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கண் போனதற்குக்கூட அந்த மனிதர் இப்படி உடைந்து போகவில்லை. நாற்பது வருடம் தான் கட்டியதெல்லாம் சரியாகத்தான் இருந்ததா என்று நினைத்து நினைத்து உருகினார். ஒரே ஒரு வார்த்தையில் என்னால் அதை நிறுத்த முடியும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை.

ஆனி கடைசியில், பிடிவாதம் தாங்காமல் கீரமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் என் இடது தோளைப் பிடித்துக்கொள்வார். அப்படித்தான் நடக்கப் பழகியிருந்தோம். அந்த வீட்டின் சொந்தக்காரர் வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க மேஸ்திரி, வாங்க, சொல்லியிருந்தா கார் அனுப்பிருப்பேன்ல" என்றார். இவர் அதைக் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார்.

நூல் கோத்த கட்டையைச் சுவரின் மேல்பக்கம் வைத்து நூலை விட்டால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமல் நிற்க வேண்டும். சொந்தக்காரர் ஏணியில் ஏறிக் கட்டையைப் பிடித்தார். இவர் கீழே உட்கார்ந்து குண்டை விரலால் தேடினார். தொட்டார், குண்டு ஆடியது. நிற்கும்வரை பொறுத்துத் திரும்பத் தொட்டார், திரும்ப ஆடியது. தொட்டால் ஆடிவிடும், அதைக் கண்ணால்தான் பார்க்க முடியும். நடுங்குகிற அந்த விரலை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நீ பாரும்மா. எப்படி நிக்குது?"

"நேரா இருக்குங்க. ஒரு நூல் வித்தியாசம் இல்ல."

"எனக்காகச் சொல்லாத."

"மேஸ்திரி, சத்தியமா நேரா இருக்கு" என்றார் ஏணியில் இருந்தவர்.

"நீங்களும் எனக்காகச் சொல்லாதீங்க. வேற ஒரு கொத்தனாரக் கூப்பிட்டுக் காட்டுங்க. கோணலா இருந்தா இடிச்சிருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." கட்டிய வீட்டு முன்னால் நின்று, இடித்துவிடுங்கள் என்று கையைக் கூப்பினார். சொந்தக்காரர் ஏணியிலிருந்து இறங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எப்படியோ சமாதானம் சொல்லி பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டி வந்தேன். பூக்கடைக்கு எதிரில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. மதியம், ஆள் இல்லை. அங்கே வைத்துச் சொன்னேன். இனி முடியாது என்று ஆகிவிட்டது.

"அந்த ஸ்டாண்டு நேராத்தாங்க நின்னுச்சு."

"எந்த ஸ்டாண்டு?"

"லேபுல. அந்த வெள்ளிக்கிழமை. நீங்க பாத்தது சரி. நான் பொய் சொன்னேன். மத்தியானம் அதே ஸ்டாண்டுல மூணு பேருக்குப் பாத்தேன், மூணும் சரியா இருந்துச்சு. நோட்டுல இருக்கு. கோணலே இல்லங்க. நூத்திப் பத்துன்னதும் பயந்துட்டேன். பயத்துல சொல்லிட்டேன்."

பரிதாபத்துக்காக யாரும் இப்படி ஒரு பொய் சொல்ல மாட்டார்கள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நேராத்தான் நின்னுச்சா?"

"ஆமாங்க."

"நல்லா?"

"நல்லா நேரா நின்னுச்சுங்க."

அவர் முகம் மலர்ந்ததே, ஐயோ, அதை நான் எங்கே போய்ச் சொல்வேன். நாலு மாதமாக நான் பார்க்காத முகம். தொடையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல? என் கண்ணு பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும்மா! அப்ப அந்தச் செவுரும் நேராத்தான் இருக்கு!" என்று சிரித்தார். பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவருக்கு என் அழுகை கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பஸ் வந்தது. தோளைப் பிடித்து ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம்வரை முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. பிறகு மெல்லக் குறைந்தது. தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. ஆலங்குடிக்கு இரண்டு ஸ்டாப் முன்னால்தான் கேட்டார்.

"அப்ப அந்த நூத்திப் பத்தும் சரிதானா?"

"சரிதாங்க."

"அது வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைதான கண்ணு போச்சு."

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆலங்குடியில் இறங்க நான் முன்னால் போய்ப் படியில் நின்றேன். தோளில் கை விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "எறங்குங்கப்பா, எறங்குங்க" என்று கண்டக்டர் விசில் அடித்தார். அதன் பிறகுதான் கையை நீட்டித் தேடி என் தோளைப் பிடித்தார். வேறு யார் தோளைப் பிடிப்பார்? வாசல்படியில் நின்று ஒன்று மட்டும் சொன்னார்.

"நாளைக்கு ரத்தம் எடுக்கணும்ல. வீட்ல வேணாம், லேபுக்கு வாரேன். எனக்கும் ஒரு நம்பர் போடு."

மறுநாள் காலை எதிர்வீட்டுப் பிள்ளை பைக்கில் கொண்டுவந்து விட்டது. உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. வெளி பெஞ்சில் மற்றவர்களோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நோட்டில் எழுதினேன். பதினொன்று. முப்பது வருடத்தில் வாயால் சொல்லாத பேரை எழுத்தில் எழுதினேன். ஆண், அறுபத்து மூன்று.

ஒன்பதைக் கூப்பிட்டேன், பத்தைக் கூப்பிட்டேன். பிறகு வாசலில் நின்று, "பதினொண்ணு" என்றேன்.

"இருக்கேங்க" என்று எழுந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை அவர் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.